கெம்பி வீட்டைத் தாண்டிப் போன கொடி

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர்கள் எஸ்தர் டீச்சர். செம்மடைமலையில் உச்சிமடை என்கிற சின்ன ஊரில் பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்குக் குடிவந்த வருஷம், பெரிய வெள்ளிக்கு மறுநாள், கோயிலில் ஈஸ்டருக்காக நாங்கள் இருவரும் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னார்கள். அவர்கள் சொன்ன மாதிரியே சொல்லப் பார்க்கிறேன். விளங்காத இடம் வந்தால், அது டீச்சருக்கும் விளங்காத இடம்தான், அந்த உச்சிமடைக் கெம்பிக்கும் விளங்காத இடம்தான்.

வைகாசி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, வாசல் தெளிக்கக் கதவைத் திறந்த கெம்பியின் காலில் ஒரு கொடி தட்டியது. பெருவிரல் தடிமன், பச்சையும் செம்மையும் கலந்த நிறம், உள்ளங்கை அகலத்தில் இலை. பூசணிக்கொடி என்று நினைத்துக் காலால் ஒதுக்கினாள். அது ஒதுங்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், ஊருக்கு மேலே நிற்கிற பெரியவரை என்கிற செங்குத்துப் பாறையின் உச்சியிலிருந்து இறங்கி, சோளக்காட்டைக் கடந்து, நடுத்தெருவில் கை கையாகப் பிரிந்து, ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையிலும் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைச் சுருட்டிக்கொண்டு படுத்திருந்தது. நாற்பத்து மூன்று வீடு. ஒரு வீடு விடவில்லை. மாட்டுக்கொட்டகைக்குப் போகவில்லை, ரேஷன் கடைக்குப் போகவில்லை, பூட்டிக் கிடந்த வனத்துறை பங்களாவுக்கும் போகவில்லை. ஊர்ப் பெரியவரான காளமூப்பன் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே வெளியே வந்து, தன் வீட்டு நிலையில் சுற்றியிருந்ததைத் தொட்டுப் பார்த்து, "வந்துட்டுதா, சரி" என்று சொல்லிவிட்டு, ஆடு மேயாதபடி ஆட்டை மட்டும் இழுத்து வேறு பக்கம் கட்டினார். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி மத்தியானத்துக்குள் அதில் ஈரத்துணி காயப்போட்டுவிட்டாள்.

மற்ற வீடுகளில் வாசலோடு நின்ற கொடி கெம்பி வீட்டில் மட்டும் நிற்கவில்லை. நிலையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, உள்ளே வந்து, அடுப்பை ஒட்டி, அரிசிப்பானைக்கு அடியில் நுழைந்து, பின்சுவரில் எலி போட்ட பொந்து வழியே வெளியேறி, பின்கட்டைத் தாண்டிக் கீழே இறங்கிப் போயிருந்தது. கெம்பியின் புருஷன் சடையன் இரண்டு நாளில் மூன்று தடவை அதில் கால் இடறினான். "வந்தமா இருந்தமான்னு இல்லாம, இது என்ன நம்ம வீட்டை பஸ் ஸ்டாப்பு மாதிரி தாண்டிப் போகுது?" என்றான். கெம்பி அடுப்புக்கல்லை ஒரு சாண் தள்ளிவைத்துக்கொண்டாள்.

கீழே எங்கே போகிறது என்பது பஸ் ஏறி வந்த கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பன்னிரண்டு கொண்டை ஊசி வளைவையும் குறுக்கே வெட்டி இறங்கி, தார் ரோட்டு ஓரமாகவே ஒன்பது கிலோமீட்டர் போய், அடிவாரத்தில் இருக்கிற புளியஞ்சந்தை என்கிற ஊருக்குள் நுழைந்து, அங்கே பதினொரு வீட்டு நிலையில் சுற்றியிருக்கிறதாம். "உங்க வீட்டுக் கொடிதான்க்கா. எங்கயும் ஒட்டு இல்ல, பிரிவு இல்ல. பின்னாடியே பாத்துக்கிட்டு வந்தேன்" என்றார் கண்டக்டர். புளியஞ்சந்தை என்று கேட்டதும் கெம்பி பின்கட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

ஏன் சாத்தினாள் என்று சொல்ல வேண்டும். உச்சிமடைக்காரர்களை வரையாளிகள் என்பார்கள். வரை என்கிற செங்குத்துப் பாறையிலே கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுக்கிற ஜனம். தேன் எடுக்கிறவன் உயிர் மேலே கயிற்றைப் பிடிக்கிறவன் கையில் இருக்கிறது. அதனால் கயிற்றைக் கூடப்பிறந்தவன் பிடிக்கக்கூடாது. அண்ணன் தம்பிக்குள் நிலம், வீடு என்று ஆயிரம் இருக்கும். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். தன் கூடப்பிறந்தவள் தாலி அறுக்கும்படி எந்த மச்சானும் கையை விடமாட்டான் என்பது கணக்கு. கீழே தொங்குகிறவன் "பிடிச்சிருக்கியா மச்சான்?" என்று கூப்பிடுவான். மேலே இருப்பவன் "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் கீழே இருப்பவன் மேலே ஏறிவிடுவான்.

கெம்பியின் தாத்தாவுக்கு அப்பா, சென்னன் என்று பெயர், அவர் காலத்தில் ஒரு பஞ்சம். அன்றைக்குத் தேன் எடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை. கயிறு பிடிக்கிற மச்சானுக்கோ குளிர்ஜுரம், எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கழுதையில் உப்பு ஏற்றிக்கொண்டு புளியஞ்சந்தையிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். அவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டார் சென்னன். அவரும் பிடித்தார். தேனும் வந்தது, ஆளும் உயிரோடு வந்தார். அதற்கப்புறம்தான் ஊர் கூடி முழித்தது. மச்சான் அல்லாதவன் கயிறு பிடித்தால் வரையில் தேனீ தங்காது. என்ன செய்வது? முறை தப்பிவிட்டது என்று ஒத்துக்கொள்ள யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் முறையை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மாற்றிவிட்டார்கள். அந்த உப்புக்காரர், சென்னன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவர் என்று சொல்லி, ஒரே இலையில் அவளோடு உட்காரவைத்துச் சாமைச்சோறு போட்டு, வாயால் சொல்லி முடித்துவிட்டார்கள். வேறு எந்த ஜனமாக இருந்தாலும் தப்பு நடந்துவிட்டது, பரிகாரம் செய்வோம் என்றிருக்கும். இவர்கள் ஒரு மனுஷனையே பிறக்கவைத்துவிட்டார்கள். அவர் உப்பை விற்றுவிட்டுக் கழுதையோடு இறங்கிப் போய்விட்டார்.

அவர் வம்சம் கீழே பெருகியது. பெருகினவர்கள் கூடச் சம்பந்தம் செய்தவர்கள், சம்பந்தம் செய்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து முன்னூறு குடும்பம், "நாங்களும் வரையாளிகள்தான்" என்று ஒரு சங்கம் வைத்தார்கள். தலைவர் சிதம்பரவேல், பஸ் நிலையத்துக்கு எதிரே மெஸ் நடத்துகிறவர். சங்கத்துக்குக் கம்பத்தில் ஏற்ற ஒரு கொடி, ஒரு லெட்டர்பேடு, வருஷத்துக்கு ஒரு மாநாடு. மாநாட்டில் தலையில் இறகு செருகிக்கொண்டு ஆடுவார்கள். உச்சிமடையில் யாரும் இறகு செருகி டீச்சர் பார்த்ததில்லை. டீச்சர் மலைப்பாட்டையெல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்திருந்தார்கள், மலைப்பிள்ளைகள் படிக்கட்டும் என்று. மலையில் எட்டுப் பேர் வாங்கினார்கள். மீதியெல்லாம் சங்கம் வாங்கியது.

இறகோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பழங்குடிச் சான்றிதழும் எப்படியோ சிலர் வாங்கினார்கள். காலேஜில் வரையாளிக்கு என்று வந்த இடமெல்லாம் நாலு வருஷமாகக் கீழேயே போனது. காளமூப்பன் மனு எழுதினார். சங்கமும் மனு எழுதியது. இரண்டு மனுவையும் ஒன்றாகக் கட்டிவைத்த ஆபீஸ், யார் வரையாளி என்று முடிவாகிறவரைக்கும் யாருக்கும் சான்றிதழ் கிடையாது என்று நிறுத்திவிட்டது. அப்படியாக உச்சிமடையில் பிறந்து, உச்சிமடையில் தேன் தின்று வளர்ந்த பிள்ளைகள் ஒரே நாளில் ஒன்றும் இல்லாதவர்கள் ஆனார்கள்.

கெம்பியின் மகள் சுகிர்தா. பெயர் டீச்சர் வைத்தது. அந்த வருஷம்தான் ப்ளஸ் டூ முடித்தாள். நர்சிங் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மலையிலிருந்து அப்படிக் கிடைத்த முதல் பெண். ஆடி பத்தாம் தேதிக்குள் சான்றிதழ் கொடுத்தால் இடம் நிற்கும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பஸ் இல்லாத ராத்திரியில் பிரசவ வலி வந்த பெண்ணைத் தொட்டிலில் கட்டிப் பன்னிரண்டு வளைவு தூக்கிக்கொண்டு ஓடுகிற ஊர் அது. கெம்பியே அப்படித் தன் தலைச்சன் பிள்ளையை ஏழாவது வளைவில் பறிகொடுத்தவள். மகள் நர்ஸாகித் திரும்பி வருவதை அவள் ஒவ்வொரு நாளும் வரையம்மனிடம் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்டதில்லை.

கொடி வந்த பிறகு மலையும் அடிவாரமும் அதற்குப் பழகின விதத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். சின்னப் பிள்ளைகள் அதில் காதை வைத்து அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்டார்கள். பஸ் டிரைவர் வளைவுகளில் அதன்மேல் ஏறாமல் ஓட்டிப் பழகினார். விவசாயக் கல்லூரியிலிருந்து வந்து இலை பறித்துப் போய், இது ஒரு தாவரம் என்று முத்திரை போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். வருவாய் ஆய்வாளர் டேப் பிடித்து அளந்தார். மேலிருந்து கீழே அளந்தால் ஒரு நீளம் வந்தது, கீழிருந்து மேலே அளந்தால் முந்நூறு மீட்டர் குறைந்தது. இரண்டையும் எழுதிக்கொண்டு போனார். புளியஞ்சந்தையிலோ கொடி வராத சங்கத்துக்காரர்கள் பேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் கொடி வாங்கி நிலையில் சுற்றினார்கள். இன்னும் சிலர் மணிபிளான்ட்டைத் தொட்டியோடு வாசலில் வைத்து, நுனியை ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

கொடி போன பதினொரு வீட்டைப் பார்த்தும் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. சங்கத் தலைவர் சிதம்பரவேல் வீட்டுக்கு அது போகவில்லை. அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி, இட்லிக்கடை அஞ்சுகம் வீட்டுக்குப் போயிருந்தது. ஒரே தாய், ஒரே தகப்பன். சங்கத்திலேயே இல்லாத ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போயிருந்தது. அவர் பயந்துபோய், நான் ஒன்றும் மனுப் போடவில்லையே என்று தாலுகா ஆபீசில் போய் அழுதார். எஸ்தர் டீச்சர் பத்தொன்பது வருஷம் அந்த மலையில் இருந்தவர்கள். தினம் காலையில் ஜெபம் முடித்து, பள்ளிக்கூட வீட்டு வாசலைப் பெருக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் நிலையைப் பார்த்தபடி நிற்பார்களாம். வரவில்லை. "வராததில் வருத்தமா டீச்சர்?" என்று கேட்டேன். "எனக்கு வேற வீடு இருக்கில்ல" என்று மேலே கையைக் காட்டினார்கள். ஆனால் அப்போதுதான் பூக் கட்டுகிற நூல் கையிலிருந்து விழுந்தது.

கெம்பி வீட்டுக் கொடிக்கு இன்னொரு குணம் இருந்தது. தினமும் விடியற்காலையில், கோழி கூப்பிடுகிற நேரத்தில், அது லேசாக அதிரும். அரிசிப்பானை மூடி கிணுகிணு என்று ஆடும். முதலில் கெம்பிக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு அந்த அதிர்வில்தான் எழுந்திருக்கப் பழகினாள். அது என்ன அதிர்வு என்பது ஆனி மாசம் அஞ்சுகம் கொடியைப் பிடித்துக்கொண்டே மலையேறி வந்தபோதுதான் தெரிந்தது.

கெம்பி வயதுதான் இருக்கும் அவளுக்கு. குண்டான உடம்பு, செருப்பு அறுந்து கையில் இருந்தது. பின்கட்டு வேலியைத் தாண்டி வந்து, மூச்சு வாங்க நின்று, "காலையில நாலரைக்கு நான் கிரைண்டர் போடுறேனே, இங்க கேக்குதா?" என்றுதான் முதல் வார்த்தை கேட்டாள்.

"நீதானா அது?" என்றாள் கெம்பி. "என் பானை மூடி உடைஞ்சா யாரு குடுப்பா?"

"நீங்க சாமை குத்துறப்ப எங்க வீட்டுல சாமி படம் ஆடுது மதினி. நாங்க என்ன சொல்லிக்கிட்டா இருக்கோம்?"

"மதினின்னு கூப்பிடாதே."

"வேற எப்படிக் கூப்பிடுறது? முறை அப்படித்தானே வருது."

"முறை உங்க அண்ணன் லெட்டர்பேடுல வருது."

அஞ்சுகம் சிரித்துவிட்டாள். "அவன் கெடக்கான். கொடி வரலைன்னு ரெண்டு வாரமா என்கூடப் பேச்சில்ல. என் வீட்டுக் கொடியை வெட்டி ஒரு கிளை குடுன்னு வந்து நின்னான். வெளக்குமாத்தை எடுத்தேன்." பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். கெம்பி அதைத் தொடவில்லை.

தொடாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அஞ்சுகத்தின் மகன் பிரதாப் அந்தச் சான்றிதழில்தான் வனக்காப்பாளர் வேலை வாங்கியிருந்தான். சான்றிதழ் செல்லாது என்றால் வேலை போகும், வழக்கும் வரும். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று கெம்பி நினைத்தாள். அஞ்சுகம் அதைச் சொன்னாள்தான். ஆனால் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னாள்: "எங்க வீட்டு ஆம்பளைங்க கிணத்துல வாளி இறக்குறப்ப, யாரும் கேக்காமலே, 'பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்'னு ரெண்டு தடவை சொல்லுவாங்க மதினி. எங்க அப்பா சொல்லுவாரு. யாருக்குச் சொல்றீங்கன்னு கேட்டா, தெரியலையேம்பாரு. இங்க யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

கெம்பி இட்லிப் பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினாள். நீட்டின அடுத்த நொடியே டீச்சர் போட்ட புத்தகம் ஞாபகம் வந்தது. அதில் ஏழாம் பக்கத்தில் அந்த வார்த்தை அச்சில் இருக்கிறது. இவள் அப்பா சொன்னாரா, அண்ணன் வாங்கின புத்தகம் சொன்னதா? முகத்தைப் பார்த்தாள். வியர்வை வழிகிற, ஒன்றும் மறைக்காத முகம். மறைக்கத் தெரிந்தவர்களுக்கும் அப்படி முகம் இருக்கும். "எனக்குத் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் போன பிறகு இட்லியைச் சடையனுக்குக் கொடுத்தாள். "நல்லா இருக்கு. யாரு குடுத்தா?" என்றான். கெம்பி பொட்டலம் கட்டின இலையைச் சுருட்டி அடுப்பில் போட்டாள்.

ஆடி பிறந்தது. கோட்டாட்சியர் அம்மா புதிதாக வந்தவர்கள், சின்ன வயது. இரண்டு தரப்பு மனுவையும், தாவரம் என்ற கடிதத்தையும், இரண்டு நீளத்தையும் படித்துவிட்டு, புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நானே வந்து பார்க்கிறேன், கொடி எங்கே உயிரோடு இருக்கிறதோ அதை வைத்து எழுதுகிறேன், வேறு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் காளமூப்பன் கெம்பி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. கொடியைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆத்தா கெம்பி, உன் பின்கட்டோட நின்னுட்டா எல்லாம் நம்ம ஊரோட நின்னுடும்."

"நான் என்ன மாமா பண்றது? அதுவா போகுது."

"அருவா இருக்கில்ல?"

கெம்பி அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"கொள்ளைநோய் வந்து நாம பதினாலு பேரைப் பொதைச்சப்ப கீழ இருந்து ஒருத்தன் வரல. பங்களாவுக்குன்னு நம்ம சோளக்காட்டை எடுத்தப்ப வரல. ரோடு கேட்டு நாம உக்காந்தப்ப வரல. இப்ப எங்க இருந்து வந்துச்சு பாசம்? நாலு வருசமா நம்ம பிள்ளைங்க எடத்துல அவங்க பிள்ளைங்க படிக்குது. உன் மகளையும் அனுப்பாம வச்சுக்கப் போறியா?"

"ஆனா மாமா, நம்ம பெரியவங்கதானே ஒரே எலையில போட்டாங்க?"

காளமூப்பன் தாடியைச் சொறிந்தார். "போட்டாங்க" என்றார். "பசியில போட்டாங்க. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" அவர் குரலிலும் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. போகும்போது, "நீ செஞ்சாலும் சரி, செய்யலைன்னாலும் சரி, ஊரு உன்னைத்தான் பாத்துக்கிட்டிருக்கு" என்றார். இதையெல்லாம் அடுப்படியிலிருந்து சுகிர்தா கேட்டுக்கொண்டிருந்தாள்.

கெம்பி செவ்வாய் முழுக்க அரிவாளை எடுத்தாள், வைத்தாள். சாணைக்கல்லில் இரண்டு தீட்டுத் தீட்டி, வெறகு வெட்டத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கொடியைத் தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. "வரையம்மா, ஒன்னு நீயே அத்துப்போட்டுரு, இல்ல அத்துப்போடாதேன்னு சொல்லிரு" என்று கேட்டாள். அம்மன் இரண்டும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை அவளுக்கு விழிப்பே வரவில்லை. வெயில் முகத்தில் பட்டுத்தான் எழுந்தாள். பானை மூடி ஆடவில்லை. கையை நீட்டித் தொட்டாள். கொடி செத்த பாம்பு மாதிரிக் கிடந்தது. பின்கட்டுக்கு ஓடினாள்.

பொந்துக்கு நாலு முழம் தள்ளி, ஒரே வெட்டாக வெட்டியிருந்தது. இரண்டு நுனியிலிருந்தும் தண்ணீர் மாதிரி ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. சுவரோடு சுவராக சுகிர்தா நின்றாள். அரிவாள் முதுகுக்குப் பின்னால் கையில் இருந்தது. பாவாடையெல்லாம் அந்த ஈரம்.

"நீ செய்ய மாட்டேன்னு தெரியும்மா" என்றாள்.

கெம்பி பதில் சொல்வதற்குள் கொடி நகர ஆரம்பித்தது. மேல் நுனி பொந்துக்குள், வரையைப் பார்த்து, இழுபட்டுப் போனது. கீழ் நுனி வேலியைப் பார்த்து இழுபட்டுப் போனது. மெதுவாக இல்லை, பாரம் கட்டின கயிறு போகிற மாதிரி. தேன்காரன் மகளாகப் பிறந்தவளுக்கு அந்தப் போக்கு என்ன என்று கண் பார்த்தாலே தெரியும். கயிற்றில் ஆள் இருந்தால்தான் கயிறு அப்படிப் போகும். யோசிக்கவில்லை. பாய்ந்து விழுந்து ஒரு கையில் ஒன்றும் இன்னொரு கையில் ஒன்றுமாகப் பிடித்துவிட்டாள். தோள்பட்டை இரண்டும் பிய்ந்துவிடும் போல இருந்தது. ஆள் தொங்குகிறது. நிச்சயமாகத் தொங்குகிறது. ஆனால் மேலேயா, கீழேயா? எந்தக் கையை விட்டால் எந்த ஆள் விழும்? இரண்டு பக்கமும் ஒரே பாரம்.

"விட்டுரும்மா!" என்று கத்தினாள் சுகிர்தா. "கீழ இருக்கிறதை விட்டுரு! எனக்காக!"

"எது கீழன்னு தெரியலையேடி!"

அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் குண்டு உடம்பு ஒன்று தடுமாறி ஏறி வந்தது. அஞ்சுகம். கோட்டாட்சியர் வருகிற நாள் என்று விடியற்காலையிலேயே கடையைத் திறக்காமல் கொடியோரமாக நடந்து வந்தவள், பாதிவழியில் கொடி சூடு ஆறிக் கிடந்ததைத் தொட்டுப் பார்த்து ஓடி வந்திருக்கிறாள். அவள் வெட்டையும் பார்த்தாள், அரிவாளையும் பார்த்தாள், சுகிர்தாவையும் பார்த்தாள்.  கெம்பியின் இடது கையிலிருந்த நுனியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யாரு மதினி தொங்குறது?"

"தெரியலை."

"எங்க பக்கமா, உங்க பக்கமா?"

"தெரியலைங்கிறேன்ல, இழு!"

இருவருமாக இழுத்து, நுனியோடு நுனியைக் கொண்டுவந்து, வரையில் இறங்குகிறவர்கள் போடுகிற இரட்டை முடிச்சைக் கெம்பி போட்டாள். ஈரத்தில் வழுக்கி மூன்றாவது தடவைதான் விழுந்தது. பாரம் மெல்லக் குறைந்தது. முடிச்சுக்குள் ஏதோ ஊறுகிற சூடு. சுகிர்தா சுவரோரம் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்து அழுதுகொண்டிருந்தாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டது.

கெம்பி மகள் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி விறகுக்குள் செருகினாள். முறத்தில் சாமையை அள்ளிக்கொண்டு வந்து, முடிச்சின்மேல் சேலையை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அஞ்சுகமும் உட்கார்ந்து கல் பொறுக்க ஆரம்பித்தாள்.

கோட்டாட்சியர் அம்மா, காளமூப்பன், சங்கத் தலைவர் சிதம்பரவேல், மலைப்பேச்சை விளக்கிச் சொல்ல எஸ்தர் டீச்சர், பின்னால் தெருவே திரண்டு வந்தது. நிலையில் சுற்றியிருந்ததைத் தொட்டுப் பார்த்து, பொந்து வரைக்கும் பார்த்து, பின்கட்டுக்கு வந்தார்கள்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருக்கிறீங்களா? கொடி முழுசா போகுதான்னு பாக்கணும்."

உச்சிமடைக்காரர்கள் வந்தவர் யாராயிருந்தாலும் எழுந்து நிற்கிற ஜனம். டீச்சருக்கு அதுதான் முதலில் மனசில் பட்டதாம். கெம்பி எழுந்திருக்கவில்லை. "கால் மரத்துப்போச்சு தாயி" என்றாள்.

"நீங்க?"

"எனக்கும்தான்" என்றாள் அஞ்சுகம்.

காளமூப்பன் பார்த்தார். சுகிர்தாவின் பாவாடை ஈரத்தைப் பார்த்தார், சேலைக்கு அடியில் மேடாக இருந்ததைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் கீழூர் வழக்கு அன்றோடு முடிந்தது. ஆனால் விசாரணைக்கு வைத்த கொடியை வெட்டினவள் மலையின் முதல் நர்ஸாகப் போகிறவள், சொன்னால் அவள் மேல்தான் கேஸ் வரும். சிதம்பரவேலும் பார்த்தார். மலைக்காரர்கள் வெட்டிவிட்டார்கள் என்று அவர் கூச்சல் போட்டிருக்கலாம். ஆனால் முடிச்சுப் போட்ட கொடி என்று தெரிந்தால் தன் ஊர்ப் பதினொரு வீடும் பிளாஸ்டிக் கொடி வீட்டோடு சேர்ந்துவிடும். 

"அவளுக்கு மூட்டுவலி மேடம்" என்றார் காளமூப்பன்.

"ஆமா மேடம், என் தங்கச்சிக்கும் அப்படித்தான், ரொம்ப நாளா" என்றார் சிதம்பரவேல். அவர்கள் இருவரும் ஒரே வாயாகப் பேசியது அந்த ஒரு தடவைதான் என்றார்கள் டீச்சர்.

கோட்டாட்சியர் அம்மா நின்று நான்கு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் தலை குனிந்து மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல், ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும். "சரி" என்று அந்த அம்மா பேனாவை எடுத்தார்கள்.

எழுதினது இதுதான். உச்சிமடையின் நாற்பத்து மூன்று வீட்டிலும் கொடி நிற்கிறது, சான்றிதழ் கொடுக்கலாம். புளியஞ்சந்தைக்கும் கொடி போகிறது, அது இங்கிருந்து அங்கே போனதா, அங்கிருந்து இங்கே வந்ததா என்று தெரியவில்லை, விசாரணை தொடரும். அதுவரை யார் வேலையும் போக வேண்டாம்.

ஆடி எட்டாம் தேதி சுகிர்தா கைக்குச் சான்றிதழ் வந்தது. காலேஜுக்குக் கிளம்புகிற அன்றைக்குக் கெம்பி அவளுக்குத் தலை வாரிவிட்டாள். இரண்டு பேரும் கொடியைப் பற்றி அதுவரை பேசவில்லை. "நான் செஞ்சது தப்பாம்மா?" என்று கேட்டாள் சுகிர்தா. "தெரியலைடி" என்றாள் கெம்பி. "நீ அதைப் பிடிச்சியே, அது சரியா?" "அதுவும் தெரியலை. தலையை ஆட்டாதே." பின்னல் கோணல் மாணலாக வந்தது. அவிழ்த்துத் திரும்பப் பின்னினாள். பஸ் போன பிறகு பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

அவள் இன்னும் அங்கேதான் உட்காருகிறாள். மேலே தேனெடுக்கிறவன் இறங்கும் நாளிலும் உட்காருகிறாள், கீழே அஞ்சுகம் கடை திறக்காத நாளிலும் உட்காருகிறாள். அன்றைக்குத் தொங்கினது யார் என்று தெரியவில்லை. பெரியவரையில் அன்று யாரும் இறங்கவில்லை என்று சடையன் சத்தியம் செய்கிறான். கீழே கிணற்றில் யாரும் இறங்கவில்லை என்று அஞ்சுகமும் சொல்கிறாள். மகளுக்காக உட்கார்ந்தாளா, உப்புக்காரர் வம்சத்துக்காக உட்கார்ந்தாளா என்று டீச்சர் ஒருநாள் கேட்டதற்கு, "முதல்ல உக்காந்தேன் டீச்சர், அப்புறம்தான் யோசிச்சேன், யோசிச்சது இன்னும் முடியலை" என்றாளாம். முடிச்சு காயவில்லை, வேரும் விடவில்லை. தொட்டால் சூடாக இருக்கிறது.

எனக்கும் இதில் யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. டீச்சர் பூவை முடித்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்கள், அதையே நானும் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். விசாரணை இன்னும் முடியவில்லை. ஃபைலும் கையுமாக யாராவது வந்து, அது ஒரே கொடிதானா என்று உங்களிடம் விசாரித்தால், முடிச்சைப் பற்றி மட்டும் சொல்லிவிடாதீர்கள்.